மெல்லிய மடிக்கணினியும் தொலைந்துபோன கடன் கணக்கும்

நம்மவர்கள் துணி வாங்கப் போனால் சாயம் போகுமா, சுருங்குமா, அகலம் சரியா என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அதே வியாபாரி கடைக்குக் கணினி வாங்கப் போனால் நிறத்தையும் பாரத்தையும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார். பிறரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்படி வாங்கி நட்டப்பட்டவன் நான்.

புறக்கோட்டையில் எங்களுடையது மொத்தப் புடவை வியாபாரம். வாப்பா காலத்தில் சிவப்பு அட்டை போட்ட பேரேட்டில் எழுதப்பட்ட கடன் கணக்கு, என் காலத்தில் கணினிக்கு மாறியது. 2021 ஆம் ஆண்டு பழைய மேசைக் கணினி பழுதடைந்தபோது, கல்லாவில் இடம் மிச்சமாகும் என்று எண்ணி ஒரு மெல்லிய மடிக்கணினியை வாங்கினேன். விலையும் குறைவு. ஒரு சீ.ஆர். கொப்பியின் பருமன்தான் இருக்கும். உள்ளே விசிறி இல்லை, அதனால் சத்தமும் இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் நல்ல சாமான் என்றார்கள்.

இரண்டு வருடத்தில் அது நத்தையாகிவிட்டது. ஒரு பில் அடிப்பதற்குள் வாடிக்கையாளர் அடுத்த கடையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். ரெம் கூட்டலாம் என்று கொண்டு போனால், அதிலுள்ள 4 ஜீ.பீ. ரெம் மதர்போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கிறது, கூட்டுவதற்கு இடமே இல்லை என்றார்கள். மெதுவாக ஓடினாலும் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

2024 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு காலையில் அது எழும்பவே இல்லை. அக்குறணை, காத்தான்குடி, புத்தளம், பேருவளை என்று வெளியூர் வியாபாரிகள் "பெருநாள் முடிந்ததும் தருகிறோம்" என்று சரக்கு எடுத்துப் போயிருந்த காலம் அது. பம்பலப்பிட்டியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் என் சகோதரியின் மகனிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"மாமா, இதில டிஸ்க் என்று தனியாக ஒன்று இல்லை. அதையும் போர்டிலேயே ஒட்டியிருக்கிறான். போர்ட் போனால் அதுவும் அதோடதான்."

சில்லைச் சூடாக்கிக் கழற்றி வாசிக்கலாம் என்று இன்னொருவரிடம் கொடுத்தோம். உள்ளே இருந்தது பூட்டி எழுதப்பட்டிருந்தது. அதைத் திறக்கும் மீட்புச் சாவி, கணினி வாங்கிய நாளில் விற்பனைக்கு நின்ற பையன் என் பெயரில் திறந்து தந்த மின்னஞ்சல் கணக்கில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் எனக்கும் தெரியாது, அவருக்கும் ஞாபகமில்லை. பென் டிரைவில் நான் கடைசியாகப் பிரதி எடுத்தது ஆறு வாரங்களுக்கு முன்னர். வருடத்திலேயே மிகவும் கனத்த அந்த ஆறு வாரக் கடன் கணக்கு அப்படியே போய்விட்டது.

ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து, "கணக்கு அழிந்துவிட்டது, உங்களிடம் எமது பில் இருந்தால் தொகையைச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். முப்பது வருட வியாபாரத்தில் அதைவிடக் கூச்சமான வேலையை நான் செய்ததில்லை. பெரும்பாலானோர் பில்லைத் தேடி எடுத்துச் சொன்னார்கள். அக்குறணை வியாபாரி ஒருவர் எனக்கு ஞாபகமே இல்லாத ஒரு பில்லையும் சேர்த்து வாசித்தார். சிலரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவர்கள் மீது குறை சொல்ல மாட்டேன். கணக்கு என் கையில் இல்லாதபோது குறை சொல்லும் உரிமையும் எனக்கில்லை.

அன்றிலிருந்து மருமகனுக்கும் எனக்கும் ஒரே வாதம். கணினி செய்யும் கம்பனிகள் மெல்லியதாக்குகிறோம், சிறியதாக்குகிறோம் என்று சொல்லி நம்மை ஏமாற்றுகின்றனவா? அல்லது அதில் நியாயம் ஏதும் இருக்கிறதா? அந்த வாதத்தில் நான் கற்றுக்கொண்டதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

மெல்லியது வந்த வழி

2008 ஜனவரியில் அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ், மேடையில் ஒரு காகித உறைக்குள் இருந்து மெக்புக் எயார் மடிக்கணினியை வெளியே எடுத்தார். உலகமே வியந்தது. பாரம் 1.36 கிலோகிராம்தான். அதற்காகக் கைவிடப்பட்டவையும் பல. சீடி போடும் இடம் இல்லை, வலையமைப்புக் கேபிள் செருகும் துளை இல்லை, யூ.எஸ்.பி. ஒன்றே ஒன்று. 2 ஜீ.பீ. ரெம் போர்டோடு ஒட்டப்பட்டிருந்தது. பெட்டரியைப் பாவனையாளர் கழற்ற முடியாது.

2011 இல் இன்டெல் நிறுவனம் அல்ட்ராபுக் என்ற பெயரில் மற்றக் கம்பனிகளையும் அதே வழியில் தள்ளியது. அதன் பின்னர் மெல்லியதாக இருப்பதே தரத்தின் அடையாளம் என்றாகிவிட்டது.

இந்தப் பந்தயத்தில் அப்பிளே ஒருமுறை தடுக்கி விழுந்தது. 2015 இல் மெக்புக்கை இன்னும் மெல்லியதாக்குவதற்காகப் புதுவகை விசைப்பலகை ஒன்றைப் பொருத்தினார்கள். சிறு தூசி போனாலும் எழுத்து இறுகிவிடுகிறது, அல்லது இரண்டு தடவை விழுகிறது என்று முறைப்பாடுகள் குவிந்தன. 2019 நவம்பரில் பழைய முறைக்கே திரும்பத் தொடங்கினார்கள். அது தொடர்பான வழக்கை 2022 இல் 5 கோடி டொலருக்கு இணக்கமாகத் தீர்த்துக்கொண்டார்கள். 2016 இல் மெக்புக் புரோவிலிருந்து நீக்கிய எச்.டி.எம்.ஐ. துளையையும் கமெரா அட்டைத் துளையையும் 2021 இல் மீண்டும் வைத்தார்கள். வாங்குபவர் சத்தம் போட்டால் கம்பனியும் கேட்கும் என்பதற்கு இது சாட்சி.

ரெம்மை ஏன் ஒட்டுகிறார்கள்?

"நாம் திரும்பவும் புதிதாக வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒட்டுகிறார்கள்" என்பது என் கட்சி.

"அதிலயும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முழுக்க அப்படிச் சொல்லேலாது மாமா" என்றார் மருமகன். அவர் விளக்கியது இதுதான்: மெல்லிய மடிக்கணினிகளில் பாவிக்கப்படும் ரெம், கைத்தொலைபேசியில் உள்ளதைப் போன்ற குறைந்த மின்சக்தி வகையைச் சேர்ந்தது. அது பிரதான சில்லுக்கு மிக அருகில் இருந்தால்தான் அந்த வேகத்தில் பிழையின்றி ஓடும். செருகி வைத்துத் தூரமாக்கினால் வேகம் குறையும், மின்சாரம் கூடச் செல்லும். 2020 இல் வெளிவந்த அப்பிளின் எம்1 சில்லில் ரெம்மையும் அதே பொதிக்குள் வைத்துவிட்டார்கள். விசிறியே இல்லாத ஒரு மடிக்கணினி அவ்வளவு வேகமாகவும், ஒரு சார்ஜில் நீண்ட நேரமும் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் விடவில்லை. பிரேம்வேர்க் என்ற அமெரிக்கக் கம்பனி 2021 முதல் எல்லாப் பாகத்தையும் பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடிய மடிக்கணினிகளை விற்கிறதே, அவர்களால் முடிகிறதே என்றேன். மருமகன் சிரித்தார். அதே கம்பனி 2025 இல் ஒரு சிறிய மேசைக் கணினியை அறிவித்தது. அதில் ரெம் ஒட்டித்தான் இருக்கிறது. அவர்கள் தெரிவுசெய்த ஏ.எம்.டி. சில்லின் வேகத்துக்குக் கழற்றும் ரெம் ஈடுகொடுக்கவில்லை என்று அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். கழற்றுவதையே கொள்கையாகக் கொண்டவர்களுக்கும் இந்த நிலை என்றால், இதை முழுக்க ஏமாற்று என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் நான் தோற்றேன்.

இதற்கு ஒரு நடுவழியும் வந்திருக்கிறது. குறைந்த மின்சக்தி ரெம்மைத் திருகாணி வைத்துப் பூட்டும் புதிய முறை, 2024 இல் லெனோவோவின் திங்பேட் மடிக்கணினி ஒன்றில் வெளிவந்தது. ஆனால் கடைக்கு வாங்கும் விலையில் அதை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே ஒட்டிய ரெம் உள்ளதை வாங்குவதென்றால், நான்கைந்து வருடங்களுக்குத் தேவையானதை முதல் நாளிலேயே வாங்கிவிட வேண்டும். 4 ஜீ.பீ. என்றால் தொடவே வேண்டாம். 8 ஜீ.பீ. ஒட்டியிருப்பது கடைக் கணக்குக்கு மட்டும் சமாளிக்கும், 16 ஜீ.பீ. என்றால் கவலையில்லை. கழற்றும் ரெம் என்றால் இன்று 8, தேவை வரும்போது இன்னொரு 8 என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் பிறகு வாங்கும்போது விலை குறைந்திருக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் தரவு நிலையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டதால், 2025 இன் இறுதியில் ரெம் விலை உலகெங்கும் வேகமாக ஏறியது.

டிஸ்க்கை ஏன் ஒட்ட வேண்டும்?

இங்கேதான் நான் மருமகனை மடக்கினேன். ரெம்மை ஒட்டினால் வேகம் கிடைக்கிறது, சரி. டிஸ்க்கை ஒட்டினால் எனக்கு என்ன கிடைக்கிறது? இன்றைய எஸ்.எஸ்.டி.களில் மிகச் சிறிய வகைகளில் ஒன்று 22 மில்லிமீற்றர் அகலமும் 30 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது. பெருவிரல் அளவுதான். அதற்கு இடமில்லாத மடிக்கணினி எத்தனை?

மருமகன் இதை ஒப்புக்கொண்டார். விலை குறைந்த மடிக்கணினிகளில் டிஸ்க்குக்குப் பதிலாகச் சேமிப்புச் சில்லை ஒட்டுவது பெரும்பாலும் செலவைக் குறைப்பதற்காகத்தான். அது எஸ்.எஸ்.டி.யைவிட மெதுவானது. 64 ஜீ.பீ. வகைதான் அதில் அதிகம், விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளுமே அதில் பெரும்பகுதியை நிரப்பிவிடும்.

ரெம் பழுதானால் வேலை நிற்கும். டிஸ்க்கில் இருப்பது நம்மை நம்பிக் கடன் எடுத்தவர்களின் கணக்கும், நம்மை நம்பிச் சரக்குத் தந்தவர்களின் கணக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கடைக்கு வாங்கும் எந்தக் கணினியிலும் டிஸ்க் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் மருமகன் ஒரு எச்சரிக்கையும் தந்தார். "கழற்றினால் மட்டும் போதாது மாமா. புதிய கணினிகள் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடும். திருடன் எடுத்துப் போனாலும் வாசிக்கேலாது, அது நல்லது. சாவி இல்லாவிட்டால் நீங்களும் வாசிக்கேலாது." கணினியை வாங்கிய நாளிலேயே அந்த மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, கடை உறுதியோடு சேர்த்து அலுமாரியில் வைத்துவிட வேண்டும்.

சூடும் பஞ்சும்

புடவைக் கடையில் காற்றோடு பஞ்சு பறக்கும். விசிறி உள்ள கணினி அந்தப் பஞ்சை இழுத்து உள்ளே பாய்போல் படிய வைக்கும். விசிறி இல்லாத கணினிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது சூட்டை உடம்பாலேயே வெளியேற்ற வேண்டும். குளிரூட்டி இல்லாத கடையில், பகல் நேரத்தில் சூடு ஏற ஏறத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். ஆகவே பில் மட்டும் அடிக்கும் கல்லாவுக்கு விசிறி இல்லாதது பொருந்தும். படம், விளம்பரம், பெரிய கணக்கு என்று வேலை இருந்தால் விசிறி உள்ளதை வாங்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊதித் துப்புரவாக்க வேண்டும்.

பெட்டரியின் கதையும் இப்படித்தான். மடிக்கணினியைக் காலை முதல் இரவு வரை மின்சாரத்தில் செருகியே வைத்தால், சூட்டிலும் நிறைந்த சார்ஜிலும் பெட்டரி சீக்கிரம் கிழடாகும். சில வேளைகளில் உப்பி, விசைப்பலகையையே மேலே தூக்கிவிடும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி உண்டு. கடையில் வைப்பவர்கள் அதை அவசியம் இயக்க வேண்டும்.

சிறிய பெட்டிகள்

மடிக்கணினி வேண்டாம், பழைய பெரிய பெட்டிக்கும் இடமில்லை என்பவர்களுக்குச் சிறிய மேசைக் கணினிகள் உள்ளன. லெனோவோவின் டைனி, டெல்லின் மைக்ரோ, எச்.பி.யின் மினி ஆகியவை அலுவலகங்களுக்காகச் செய்யப்பட்டவை. ஏறத்தாழ ஒரு லீற்றர் கொள்ளளவு, ஒரு தடித்த அகராதியின் அளவு. திரையின் முதுகில் மாட்டிவிட்டால் கல்லா முழுவதும் காலி. மூடியைத் திறந்தால் ரெம், டிஸ்க் இரண்டும் கழற்றலாம், பல வகைகளில் பிரதான சில்லையே கழற்றலாம்.

இவற்றிலும் விட்டுக்கொடுப்பு உண்டு. மின்சாரம் தரும் பகுதி உள்ளே இல்லை. மடிக்கணினியைப் போல வெளியே ஒரு அடப்டர். அது பழுதானால் அதே முனையுள்ள இன்னொன்றைத் தேட வேண்டும். பெரிய கிராபிக்ஸ் அட்டை போட இடமில்லை. சூட்டைக் குறைப்பதற்காகப் பெரும்பாலானவற்றில் 35 வொட் சில்லுகளையே பாவிப்பதால் முழு வேகமும் கிடைக்காது. கடைக்கு அந்த வேகம் தேவையுமில்லை.

இன்டெல் தானே செய்துவந்த நக் என்ற நான்கு அங்குலப் பெட்டியை 2023 ஜூலையில் கைவிட்டது. ஏசஸ் நிறுவனம் அதைப் பொறுப்பேற்றதால் புதியவை இன்னும் வெளிவருகின்றன. பெரிய கம்பனியின் பொருள் என்பதற்காக அது என்றைக்கும் இருக்கும் என்று நம்ப முடியாது என்பது இதில் உள்ள பாடம்.

அப்பிளின் மெக் மினி ஊசலாடிய கதை இன்னும் சுவையானது. 2012 இல் ரெம்மைக் கையாலேயே மாற்றலாம். 2014 இல் ஒட்டினார்கள். 2018 இல் மீண்டும் கழற்றக்கூடியதாக்கினார்கள். 2020 இல் சில்லோடு சேர்த்துவிட்டார்கள். 2024 இல் வந்த எம்4 மினி 12.7 சென்ரிமீற்றர் சதுரம், உயரம் 5 சென்ரிமீற்றர். இயக்கும் பொத்தானை அடிப்பக்கத்தில் வைத்துவிட்டார்கள், தூக்கித்தான் அழுத்த வேண்டும். அதைப் பார்த்து உலகமே கேலி செய்தது. மினி நல்ல கணினிதான், ஆனால் நம் கடைகளின் பில் மென்பொருள் பல விண்டோஸில் மட்டுமே ஓடுகின்றன.

மின்சாரக் கணக்கு

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றதையும் பார்த்தோம். மடிக்கணினியின் பெரிய பலம் இங்கேதான். அதன் பெட்டரியே அதற்கு யூ.பி.எஸ். சிறிய பெட்டிக்கு யூ.பி.எஸ். தனியாக வாங்க வேண்டும். ஆனால் அது எடுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் சிறிய யூ.பி.எஸ்.ஸே நீண்ட நேரம் தாங்கும்.

மாதாந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். சாதாரண வேலையில் 60 வொட் எடுக்கும் பழைய பெட்டி, நாளுக்கு 10 மணிநேரம், மாதம் 26 நாள் ஓடினால் ஏறத்தாழ 16 யுனிட். 15 வொட் எடுக்கும் சிறிய பெட்டி 4 யுனிட். திரை இதில் சேரவில்லை.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

ரெம் ஒட்டியதா, கழற்றுவதா? டிஸ்க் தனியாகக் கழறுமா? விற்பவர் தெரியாது என்றால், பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பார்கோட் கருவி, பில் அச்சுப்பொறி, பென் டிரைவ் மூன்றும் ஒரே நேரத்தில் செருகத் துளைகள் உண்டா? பழைய சீரியல் துளை அச்சுப்பொறி வைத்திருப்பவர்கள் அதைத் தனியாகக் கேளுங்கள். அலுவலகச் சிறுபெட்டிகள் சிலவற்றில் அதைப் பெறலாம்.

சார்ஜர் யூ.எஸ்.பி.-சி வகையா? அப்படியென்றால் வேறு கம்பனிச் சார்ஜரும் பொருந்தும், அதன் வொட் அளவு போதுமானதாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் மடிக்கணினிகளுக்கு இதைக் கட்டாயமாக்கும் சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 28 ஐத் திகதியாகக் குறித்திருக்கிறது.

பாவித்தது என்றால் எந்தத் தலைமுறைச் சில்லு? விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 க்கு இன்டெல் சில்லு என்றால் பொதுவாக 8 ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அதற்கு முந்தியதை மலிவு என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

நான் கடைசியில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கல்லாவுக்குப் பாவித்த ஒரு லீற்றர் பெட்டி ஒன்றை வாங்கினேன். வெளியூர் கடன் வசூலுக்குப் போகும் மகனுக்கு மெல்லிய மடிக்கணினிதான் வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸிலும் ரயிலிலும் அலைபவருக்குப் பாரம் ஒரு பெரிய விடயம். ரெம் ஒட்டியதுதான், ஆனால் 16 ஜீ.பீ., டிஸ்க் கழறும். மெல்லியது கூடாது என்று நான் இப்போது சொல்வதில்லை. எதை இழந்து மெல்லியதாயிற்று, அந்த இழப்பை என் கடை தாங்குமா என்று கேட்டுத்தான் வாங்குகிறேன்.

இன்னொன்றும் செய்தேன். காபன் தாள் வைத்த பில் புத்தகத்தை மீண்டும் கல்லாவில் வைத்தேன். ஒவ்வொரு வியாழன் மாலையும் கடை மூடுமுன் இரண்டு பிரதி எடுக்கிறோம், ஒன்று வீட்டு அலுமாரிக்கு, ஒன்று இணையத்துக்கு. மருமகன் சொன்னது சரிதான். எந்தக் கணினியை வாங்கியிருந்தாலும் இதைச் செய்யாதிருந்தால் ஒருநாள் அதே தொலைபேசி அழைப்புகளை நான் எடுத்திருப்பேன். வாப்பாவின் பேரேடு இன்னும் வீட்டில் இருக்கிறது. ஓரங்களைக் கறையான் தின்றுவிட்டது. ஆனாலும் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை இன்றைக்கும் அதில் வாசிக்கலாம்.